நாலு சீட்டில் எது தண்ணீர் தரும்?

கேள்வி: 2021 உள்ளாட்சித் தேர்தலில் நாலு சீட்டில் முத்திரை குத்தினேன். எங்கள் தெருவில் இருபது நாளாகக் குடிநீர் வரவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுத்தால், "இது என் வேலை இல்லை" என்கிறார். யாரிடம்தான் போவது?
- வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: சகோதரி, அவர் சொன்னது சரிதான். அவர் வட்டாட்சியரின் கீழ் வருவாய்த் துறையில் வேலை செய்பவர். பட்டா, அடங்கல், சான்றிதழ் என்றால் அவரிடம் போகலாம். குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, சுடுகாட்டுப் பாதை எல்லாம் ஊராட்சியின் பொறுப்பு.

நீங்கள் குத்திய வெள்ளைச் சீட்டு வார்டு உறுப்பினருக்கு, இளஞ்சிவப்புச் சீட்டு ஊராட்சித் தலைவருக்கு. இவர்கள் கட்சிச் சின்னத்தில் நிற்பதில்லை. உங்கள் தண்ணீருக்கு இவர்கள் இருவரும்தான் பதில் சொல்ல வேண்டும். பச்சைச் சீட்டு ஒன்றியக் குழு உறுப்பினருக்கு, மஞ்சள் மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு. அங்கே தலைவர்களை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

முதலில் தொட்டி இயக்குபவரைப் பார்த்து, மோட்டார் ஓடுகிறதா என்று கேளுங்கள். பழுதாகிக் கிடந்தால், அடுத்து கேட்க வேண்டியது, பழுது பார்க்கும் பணத்துக்குக் கையெழுத்து ஆனதா என்பது. நான் 2006 முதல் 2011 வரை ஊராட்சித் தலைவராக இருந்தவள். ஒரு சித்திரை மாதம் எங்கள் ஊர் மோட்டார் எரிந்துபோனது. அப்போது ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. எனக்கும் துணைத் தலைவருக்கும் பேச்சுவார்த்தை நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. கணக்கில் பணம் இருந்தும் பதினொரு நாள் அந்தக் காசோலை மேசையிலேயே கிடந்தது. பெண்கள் காலிக் குடங்களோடு என் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் அவர்களே துணைத் தலைவர் வீட்டுக்கும் போனார்கள். அன்று மாலையே கையெழுத்து விழுந்தது. என் கோபத்தை விழுங்கிக்கொண்டு முதல் நாளே நான் அவர் வீட்டுப் படி ஏறியிருக்க வேண்டும் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. அதனால் சொல்கிறேன், தலைவரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

அப்போதும் நடக்கவில்லை என்றால் கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் அதன் உறுப்பினர். யாரும் அழைக்க வேண்டியதில்லை. தனியாகப் போகாதீர்கள், தெருப் பெண்கள் பத்துப் பேரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். வரவு செலவு அறிக்கையைப் படிக்கச் சொல்லி, குடிநீர்ப் பராமரிப்புக்கு எவ்வளவு செலவானது என்று கேளுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வாசலிலேயே தீர்மான நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்ளும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் தெருவின் பெயரோடு தீர்மானம் எழுதப்பட்டு, வாசித்துக் காட்டிய பிறகு போடுங்கள். தீர்மான எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாளில் தண்ணீர் வராவிட்டால், அந்த எண்ணைக் குறிப்பிட்டு ஒன்றிய அலுவலகத்தில் கிராம ஊராட்சிகளைக் கவனிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.