இலங்கை மலையகத்தில் ஏசியும் இல்லை, ஃபேனும் இல்லை. கரண்ட் பில் மட்டும் ஏன் கூடுகிறது?

கேட்டவர் கொழும்புப் பக்கம் என்று நினைக்கிறேன். குளிர் ஊரில் பில் குறைய வேண்டும் என்பது அங்கிருந்து பார்த்தால் சரியாகத்தான் தோன்றும். ஆனால் கேள்விக்குக் கீழே "தோட்டத்து ஆட்களுக்குச் சிக்கனம் தெரியாது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்காகத்தான் இந்தப் பதில்.

நான் வளர்ந்தது மஸ்கெலியாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஒரு லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். முதுகோடு முதுகு ஒட்டிய காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை மாதிரி. இஸ்தோப்பு என்கிற முன் திண்ணைப் பக்கம் ஒரே ஒரு ஜன்னல். மழைக்காலத்தில் மூட்டம் இறங்கினால் பகல் 11 மணிக்கும் பல்ப் போடாமல் அரிசியில் கல் பொறுக்க முடியாது. கொழுந்து எடுத்துவிட்டு நனைந்து வரும் அம்மாவுக்குச் சுடுதண்ணி வேண்டும். விறகும் நனைந்திருந்தால் கரண்ட் கேத்தல்தான். பிள்ளைகளின் யூனிபோர்ம் காயாது, அயன் பண்ணித்தான் ஈரத்தை எடுப்போம். இதில் எதை வீண் என்பீர்கள்?

அப்புறம் மீட்டர். எங்களுக்கும் பக்கத்துக் காம்பரா சித்தப்பா வீட்டுக்கும் ஒன்றே ஒன்று. மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் ஒரு கணக்கு. தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு விலை, நிலையான கட்டணமும் கூடும். இரண்டு வீடும் ஆளுக்கு 40 யூனிட் எரித்தால், தனி மீட்டரில் இரண்டுமே குறைந்த விலைக்குள் வரும். ஒரே மீட்டரில் அது 80 யூனிட் எரித்த ஒரே வீடு. 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறியபோது, யார் வீட்டு டிவி அதிகம் ஓடியது என்று தொடங்கி, சித்தப்பாவும் அப்பாவும் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். கூடப் பிறந்தவர்கள்!

எல்லாத் தோட்டத்திலும் இதே நிலை என்று நான் சொல்லவில்லை. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்தவர்கள் இருக்கிறார்கள். கவனமில்லாமல் எரிப்பவர்களும் எங்களுக்குள் உண்டு, எந்த ஊரில் இல்லை? ஆனால் பில்லை வைத்து ஒரு சனத்தையே எடைபோடுவதற்கு முன்னால், அந்த மீட்டரில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று கேளுங்கள். உங்களுக்கு வரும் கரண்டில் மவுசாக்கலைத் தண்ணியும் இருக்கிறது. அந்த நீர்த்தேக்கத்துக்காகத்தான் எங்கள் பழைய மஸ்கெலியா டவுன் மூழ்கியது.

"தனி மீட்டர் எடுக்கலாமே" என்று யாராவது எழுதுவீர்கள். காம்பரா எங்கள் பெயரில் இல்லை. தோட்ட அலுவலகத்தில் கடிதம் கேட்டார்கள், அதற்கு அப்பா நடந்த நடை கொஞ்சமல்ல. கடிதம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தலைப்புக்குச் சம்பந்தமில்லை என்றாலும் பரவாயில்லை. எங்கள் லயத்தில் வீட்டு இலக்கம் கிடையாது, தபால் எல்லாம் அலுவலகத்துக்குத்தான் வரும். தங்கைக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் அங்கேயே கிடந்து, தேர்வு முடிந்த பிறகு வீட்டுக்கு வந்தது. படித்துப் பாஸ் பண்ணிய பிள்ளை. அந்த வேலையை யார் திருப்பித் தருவார்கள்?