ஓடிக்கொண்டிருக்கும் பல் கிளினிக்கை வாங்கும்போது என்ன விலை கொடுக்கலாம்?

கேள்வி கேட்டவர் கீழக்கரைப் பக்கம் பதினெட்டு வருடமாக நடக்கும் ஒரு கிளினிக்கைப் பார்த்திருக்கிறார். இரண்டு நாற்காலி, ஒரு எக்ஸ்ரே, வாடகைக் கட்டடம். ஆண்டு வசூல் 24 லட்சம் என்பதால் விலையும் 24 லட்சமாம். வாங்கலாமா என்கிறார்.

அந்த விலைக்கு வேண்டாம். நானும் மதுரையில் சில வருடம் சம்பளத்துக்கு இருந்துவிட்டு, மண்டபம் பக்கம் ஒரு மூத்த மருத்துவரிடம் கிளினிக் வாங்கியவன்தான். கூடுதல் விலை கொடுத்து வாங்கியவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆண்டு வசூலில் எழுபது சதவீதம் என்றெல்லாம் இணையத்தில் ஒரு கணக்கு உலவுகிறது. அது அமெரிக்காவில் பேசும் கணக்கு. அங்கே காப்பீட்டில் வரும் நோயாளிகள் அதிகம், கிளினிக் வாங்க வங்கிகள் தாராளமாகக் கடன் தருகின்றன. நம் ஊரில் வசூலை வைத்து விலை பேசாதீர்கள், மிச்சத்தை வைத்துப் பேசுங்கள். நீங்கள் கொடுத்துள்ள செலவுகளைக் கூட்டினேன். வாடகை, உதவியாளர்கள் இருவர், மருந்து சாமான்கள், பல் செட்டும் கேப்பும் செய்து தரும் லேப் பில், வாரம் ஒருமுறை வந்து போகும் வேர் சிகிச்சை நிபுணருக்குக் கொடுப்பது, மின்சாரம் எல்லாம் சேர்த்து 14 லட்சம். மீதி 10 லட்சம். இதில் உங்கள் உழைப்புக்கான கூலியைக் கழிக்க மறந்துவிட்டீர்கள். வேறோர் இடத்தில் மாதம் 40,000 சம்பளத்துக்கு உட்கார்ந்தால் வருடத்துக்கு 4.8 லட்சம். அதையும் கழித்தால் நிற்பது 5.2 லட்சம். கிளினிக் தன் சொந்தக் காலில் நின்று சம்பாதிப்பது இவ்வளவுதான்.

ஒரே டாக்டரின் முகத்தை நம்பி நடக்கும் இடத்துக்கு இதில் ஒன்றரை முதல் இரண்டு மடங்குக்கு மேல் நான் கொடுக்கமாட்டேன். அதாவது 7.8 லட்சத்திலிருந்து 10.4 லட்சம் வரை. நாற்காலியும் கம்ப்ரசரும் இந்தத் தொகைக்குள்ளேயே அடக்கம். அவை இல்லாமல் அந்த லாபம் வராது அல்லவா? லாபத்துக்கு ஒரு விலை, கருவிகளுக்குத் தனி விலை என்று இரண்டையும் கூட்டிக் கேட்பார்கள். எனக்கு அப்படித்தான் கேட்டார்கள், நானும் தலையாட்டினேன்.

கருவிகளைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன் 3 லட்சத்துக்கு வாங்கிய நாற்காலி, வருமான வரித் தேய்மானம் ஆண்டுக்கு 15 சதவீதம் என்று கழித்துக்கொண்டே வந்தால், புத்தகத்தில் சுமார் 82,000 ரூபாய். ஆனால் உப்புக் காற்று புத்தகம் பார்த்துத் தேய்ப்பதில்லை. நான் வாங்கிய கம்ப்ரசருக்கு வெளியே புதுப் பெயின்ட் பளபளத்தது. தொட்டியின் அடியில் இருந்த வால்வைத் திறந்தபோது தேநீர் நிறத்தில் துருத் தண்ணீர் வந்தது. நாற்காலியின் தண்ணீர்ப் பாட்டிலைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் உட்புறம் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படலம். பல வருடமாக ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். குழாய்களை முழுக்க மாற்ற வேண்டியதாயிற்று. நீங்கள் போகும்போது ஒரு மெக்கானிக்கைக் கையோடு அழைத்துப் போங்கள்.

அடுத்து வசூல் கணக்கு. நான் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான நோட்டைப் பார்த்து மயங்கியவன். அடுத்த ஏப்ரல் 15-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. 61 நாள் விசைப்படகுகள் கரையில் நின்றன, என் நாற்காலியும் பெரும்பாலும் காலியாகத்தான் நின்றது. பல்வலி தடைக்காலம் பார்க்காது, ஆனால் கேப் போடுவது பார்க்கும். வலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு, படகு போகட்டும் வருகிறேன் என்று போய்விடுவார்கள். கீழக்கரை வேறு மாதிரி. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருபவர்கள் ஒரே மாதத்தில் நான்கைந்து பல்லை முடித்துக்கொண்டு போவார்கள். நோன்பு மாதத்தில் பகல் வேலை குறையும். அதனால் மூன்று மாதக் கணக்கை நம்பாதீர்கள், மூன்று வருட நோட்டைக் கேளுங்கள்.

வருமான வரிப் படிவத்தைக் காட்டி இவ்வளவு லாபம் என்று சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: அனுமான வருமான முறையில் தாக்கல் செய்ததா? 50 லட்சத்துக்குள் வசூலிக்கும் மருத்துவர் அதில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். அந்த எண்ணுக்கும் உண்மையான செலவுக்கும் தொடர்பில்லை. லேப் பில்களைக் கேட்டு வாங்கி எண்ணுங்கள். லேப் பில் பொய் சொல்லாது. கணக்கில் காட்டாத ரொக்கம் இன்னும் இருக்கிறது என்று கண் சிமிட்டினால், காட்டாததற்கு நான் காசு தரமுடியாது என்று சொல்லிவிடுங்கள்.

கிளிப் போட்டிருக்கும் பிள்ளைகளின் பட்டியலையும் கேளுங்கள். பலர் முழுப் பணத்தையும் முன்பே கட்டியிருப்பார்கள், சிகிச்சையோ இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கும். பணம் அவர் பையில், வேலை உங்கள் தலையில். அந்தத் தொகையை விலையில் கழிக்க வேண்டும். என்னிடம் அப்படி ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள்.

எக்ஸ்ரே கருவிக்கான அணுசக்தி ஒழுங்குமுறை வாரியப் பதிவு, கிளினிக் பதிவு, மருத்துவக் கழிவுக்கான அனுமதி எல்லாம் அவர் பெயரில் இருக்கும், உங்கள் பெயருக்குத் தானாக மாறாது. வாடகை ஒப்பந்தமும் அப்படியே. கட்டட உரிமையாளரிடம் நீங்களே போய்ப் பேசாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

விற்றவர் பக்கத்திலேயே இன்னொரு கிளினிக் திறக்கக்கூடாது என்று எழுதி வாங்க முடியுமா? முடியும். தொழில் செய்யாதே என்று தடுக்கும் ஒப்பந்தங்கள் பொதுவாகச் செல்லாது. ஆனால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, தொழிலின் நற்பெயரை (குட்வில்) விற்றவருக்கு நியாயமான எல்லைக்குள் அப்படித் தடை போட இடம் தருகிறது. பத்திரத்தில் நற்பெயரும் விற்கப்படுகிறது என்பதைத் தெளிவாக எழுதி, எல்லையையும் குறிப்பிடுங்கள். எனக்கு விற்றவர் ஆறாவது மாதத்திலிருந்து தன் வீட்டு முன்னறையில் மாலை வேளைகளில் பார்க்கத் தொடங்கினார். என் பத்திரத்தில் கருவிகளின் பட்டியல் மட்டுமே இருந்தது.

முழுத் தொகையையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். அறுபது சதவீதம் கையெழுத்தன்று, மீதியை ஒரு வருடத்தில், பழைய நோயாளிகள் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்பதைப் பார்த்துக் கொடுங்கள். அவர் முதல் மூன்று மாதம் வாரத்தில் இரண்டு நாளாவது உங்களோடு உட்கார வேண்டும். கதவைத் திறந்ததும் "பெரிய டாக்டர் இல்லையா?" என்று கேட்பார்கள். அவரே எழுந்து, இனி இவர்தான் பார்ப்பார் என்று சொன்னால் அந்த நோயாளி உங்களுக்கு. நீங்களே சொன்னால் பாதிப் பேர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

பிறகு, அங்கே வேலை பார்க்கும் அக்கா தொடர்ந்து இருப்பாரா என்று விலை பேசும் முன்பே கேளுங்கள். யாருக்கு ஊசி என்றால் பயம், யார் வீட்டில் கல்யாணம், யார் பாக்கி வைத்திருக்கிறார் என்பதெல்லாம் நோட்டில் இருக்காது, அவரிடம்தான் இருக்கும். நான் கேட்கவில்லை. மூன்றாவது மாதம் மகள் பிரசவத்துக்கென்று தொண்டிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.