கல்லூரியில் திட்டமிடல், பட்ஜெட், மதிப்பீடு மூன்றையும் இணைத்தால் மாணவர்களின் படிப்பு உண்மையிலேயே மேம்படுமா? எப்படிச் செய்வது?

மேம்படும், கண்ணால் பார்த்திருக்கிறேன். எப்படி என்று கேட்டால், முதலில் உங்கள் கல்லூரியின் காலண்டரை எடுத்துப் பாருங்கள் என்பேன்.

நீலகிரியில் ஒரு சிறிய கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். எங்கள் பிள்ளைகளில் நிறையப் பேர் தேயிலைத் தோட்டக் குடும்பங்களிலிருந்து வருகிறவர்கள். கூடலூர் பக்கம், கோத்தகிரி பக்கம் என்று விடியற்காலையிலேயே பஸ் பிடித்து வருவார்கள். பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குள் கால் வைத்தவர்கள்.

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் எங்கள் பட்ஜெட் கூட்டம் பிப்ரவரி, மார்ச்சிலேயே முடிந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் செமஸ்டர் தேர்வு. முடிவு வர ஜூன் ஆகிவிடும். எந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்று தெரியும்போது பணம் பங்கு போட்டு முடிந்திருக்கும். நவம்பர் தேர்வு முடிவை வைத்தாவது கேட்கலாமே என்றால், அது கைக்கு வருவதற்குள் துறைகள் கொட்டேஷன் வாங்கிக் கொடுத்திருக்கும்.

தரச்சான்று வேலையிலும் இதே கதைதான். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட 1994இல் தொடங்கிய நாக் (NAAC) அமைப்புக்கு நாங்கள் அறிக்கை எழுதியபோது இருந்த ஏழு அளவுகோல்களில் கற்றல் விளைவு இரண்டாவதில் வந்தது, நிதி மேலாண்மை ஆறாவதில் வந்தது. இரண்டாவதை எழுதிய குழுவில் நான் இருந்தேன். ஆறாவதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் புரட்டிப் பார்த்ததில்லை. அதை எழுதியவர்களும் எங்களுடையதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு வருடம் எங்கள் துறைக்கு, ஒளியை வைத்துக் கரைசலை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் கருவி கேட்டிருந்தோம். லட்சக்கணக்கில் ஆகும். அந்தச் சமயத்தில் இரண்டாம் ஆண்டு மாடல் தேர்வு விடைத்தாள்களை மேசையில் பரப்பி, கேள்வி கேள்வியாகப் பார்த்தேன். பாடத்தின் இலக்கைப் பிள்ளைகள் எவ்வளவு எட்டினார்கள் என்று எக்ஸெலில் போடும் கோர்ஸ் அவுட்கம் கணக்கில் அந்தப் பாடம் 3க்கு 2 என்று நல்லபடியாகவே இருந்தது. ஆனால் டைட்ரேஷன் (ஒரு கரைசலை இன்னொன்றில் சொட்டுச் சொட்டாக விட்டு அதன் செறிவைக் கண்டுபிடிப்பது) செய்முறையை வரி பிசகாமல் எழுதியவர்கள், கீழே இருந்த நார்மாலிட்டி கணக்கை, அதாவது அந்தச் செறிவைக் கணக்கிடுவதை, தொடவே இல்லை. ஒருத்தர் இரண்டு பேர் இல்லை, வகுப்பில் பெரும்பாலானவர்கள். மொத்தமாகக் கூட்டிப் போட்ட எண்ணில் இது தெரியாது, தாளைத் திறந்தால்தான் தெரியும்.

ஒரு மாணவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மிஸ், நான் ப்யூரெட்டைத் திறந்ததே இல்ல. ரீடிங் எழுதுறதுதான் என் வேலை" என்றாள். ப்யூரெட் என்பது அடியில் திருகு வைத்த, அளவு குறித்த கண்ணாடிக் குழாய். நான்கு பேருக்கு ஒன்றுதான். பள்ளியிலேயே லேப் பார்த்துப் பழகியவன் குழாயைப் பிடித்துக்கொள்வான், மற்ற மூவரும் நோட்டைப் பிடித்திருப்பார்கள். குடுவையைச் சுழற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விட்டு, ஒரே ஒரு சொட்டில் இளஞ்சிவப்பு வந்து நிற்பதைத் தன் கையால் பார்க்காதவளுக்கு 18.4 மில்லி என்பது எங்கிருந்தோ வந்த எண். அதை வைத்து எப்படிக் கணக்குப் போடுவாள்? இத்தனை வருடம் அதே லேபில் நின்றும் எனக்கு இது கண்ணில் படவில்லையே என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

கருவியைத் தள்ளிவைத்துவிட்டு ப்யூரெட்டுகளும் ஸ்டாண்டுகளும் கேட்டோம். கூடவே சனிக்கிழமை காலை லேபைத் திறந்துவைக்க, லேப் அசிஸ்டன்ட் அண்ணனுக்குக் கூடுதல் சம்பளம். ஹெச்.ஓ.டி. சாருக்கு வருத்தம்தான், ஆராய்ச்சிக்கு அந்தக் கருவி வேண்டும் என்று அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பட்ஜெட் ஏற்கெனவே முடிந்திருந்ததால் பிரின்சிபால் மேடம் அவசரச் செலவுக் கணக்கிலிருந்து கொடுத்தார். அடுத்த நவம்பரில் அதே மாதிரிக் கணக்கை விட்டுவிட்டுப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அதன்பிறகு மேடம் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். மார்ச்சில் எல்லாப் பணத்தையும் பிரிப்பதில்லை. ஒரு பங்கைத் தலைப்பு எதுவும் போடாமல் ஜூலை வரை நிறுத்திவைக்கிறோம். அது வேண்டும் என்றால் துறைகள் ஒரே ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும்: எந்தக் கேள்வியில் பிள்ளைகள் விழுந்தார்கள், ஏன் என்று நினைக்கிறீர்கள், இந்தப் பணம் அதை எப்படிச் சரிசெய்யும், நவம்பரில் எதைப் பார்த்துச் சரியானது என்று சொல்வீர்கள். எங்களுக்குத் திட்டமிடல் என்றால் இப்போது அந்த ஒரு பக்கம்தான். கடைசிக் கேள்விதான் ரொம்பக் கஷ்டம். அதற்குப் பதில் எழுத முடியாமல் தாங்களே கோரிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்ட துறைகளும் உண்டு.

எல்லாம் பலித்துவிடவில்லை. கணிதத் துறை அடிப்படைக் கணக்குக்குத் தனி வகுப்பு கேட்டு, பணமும் வாங்கி, ஆளும் போட்டது. நவம்பரில் பார்த்தால் எந்த மாற்றமும் இல்லை. வருகைப் பதிவை எடுத்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: வகுப்பு மாலை 4 மணிக்கு, தோட்டத்துப் பக்கம் போகும் பஸ் 3.40க்கு. யாருக்காக அந்த வகுப்போ அவர்கள் ஒருவர்கூட உட்காரவில்லை. அடுத்த ஜூலையில் அவர்கள் பணம் எதுவும் கேட்கவில்லை, டைம்டேபிளை மாற்றித் தரச் சொன்னார்கள்.

இப்போது அந்த வகுப்பு மதியம் 12 மணிக்கு நடக்கிறது. போன வாரம் எட்டிப் பார்த்தேன், பெஞ்சு நிறைய இருந்தார்கள். நவம்பர் தாள்களுக்காகக் காத்திருக்கிறோம்.