தாளம் தப்புகிறதா, ஒலி பிந்துகிறதா?

கேள்வி: தாளத்துக்குக் குதித்தால்தான் அடுத்த மேடை தோன்றும் என்று ஒரு புதிர் கேம் செய்கிறேன். விளையாடிப் பார்த்தவர்களில் பாதிப் பேர் 'ரொம்பக் கஷ்டம்' என்கிறார்கள். எளிதாக்கிவிடவா?

பதில்: அவசரப்படாதீர்கள். எந்த ஹெட்போனில் கேட்டார்கள் என்று முதலில் விசாரியுங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் இரண்டு தட்டுகளுக்கு நடுவே 500 மில்லி விநாடிதான், புளூடூத்தில் ஒலி 100, 200 மில்லி விநாடி பிந்தி வருவது சகஜம், அதனால் சரியாகக் குதித்தவரும் விழுவார், பழியைப் புதிர்மேல் போடுவார். ஒலித் தாமதத்தைச் சரிசெய்யும் வசதியைத் தொடக்கத்திலேயே வையுங்கள். அப்புறம், மேடையும் தாளத்தோடு மினுங்கட்டும். காது கேளாதவரும் விளையாடலாம். அதற்குப் பிறகும் ஒரே இடத்தில் பலர் விழுந்தால் அந்தப் புதிரைத் திருத்துங்கள். அடுத்த முறை பக்கத்தில் உட்கார்ந்து, குறிப்பு எதுவும் கொடுக்காமல், அவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.