மறுமொழி: கொலம்பியா நிலக்கரிக் கணக்கு ஏன் இடிக்கிறது?

கொலம்பியாவில் நிலக்கரி உற்பத்தி மலையளவு, உள்நாட்டுப் பயன்பாடு கடுகளவு. இரண்டும் பொருந்தவில்லை, நீங்கள் தயாரிக்கும் அட்டவணையில் எங்கோ பிழை இருக்கிறது என்கிறீர்கள். பிழையே இல்லை, நண்பரே. சுமார் 450 கோடி டன் நிலத்தடி இருப்பைக் கண்டு மயங்க வேண்டாம். தோண்டுவதில் பெரும்பகுதி கப்பலேறிவிடுகிறது. லா குவாஹிரா மாகாணத்தின் செர்ரெஹோன் சுரங்கத்திலிருந்து புவெர்த்தோ பொலிவார் துறைமுகம் வரை 150 கி.மீ. நீளத்துக்குத் தனி ரயில் பாதையே போட்டு வைத்திருக்கிறார்கள்.

உள்நாட்டிலும் நிலக்கரிக்குத் தேவை குறைவு: மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அணைகளிலிருந்து வருகிறது. நிலக்கரி எரிக்கும் பைப்பா போன்ற அனல்மின் நிலையங்களுக்கு மவுசு கூடுவது வறட்சியில்தான். எல் நினோவால் (பசிபிக் கடல் சூடேறி அங்கே மழையைக் குறைக்கும் நிகழ்வு) அணைகள் வற்றிய 1992இல் நாடெங்கும் மின்வெட்டு. பகல் வெளிச்சத்தைக் கூடுதலாகப் பயன்படுத்தக் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள்!

எனவே அட்டவணையில் ஏற்றுமதிக்கு ஒரு நெடுவரிசை சேருங்கள். எல் நினோ ஆண்டுகளைச் சராசரியில் கலக்காமல் தனியே காட்டுங்கள்.