கேளுங்கள் சொல்கிறேன்: கட்டைக்குரல் சின்னப்பெண்

கேள்வி: நானும் கணவரும் கோயில் கொடைகளில் பக்திப் பாடல் பாடுகிறோம். மகனும் 12 வயது மகளும் எங்களோடு பாடுவார்கள். "பொம்பளப் பிள்ளைக்கு இப்படியா கட்டைக்குரல்?" என்று யாரோ கேட்டதிலிருந்து மகள் மைக்கைக் கண்டாலே எங்கள் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கிறாள். ஸ்ருதியை ஏற்றிப் பாடப் பழக்கலாமா?
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம். இன்று ராத்திரி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பாட்டைப் போடுங்கள். அமெரிக்காவின் சிகாகோ நகரத்துக் கறுப்பினக் குடும்பம் ஒன்று, ஸ்டேபிள் சிங்கர்ஸ் என்ற பெயரில் 1956-ல் பதிவு செய்த 'அன்க்ளவுடி டே' என்ற தேவாலயப் பாட்டு. கிட்டார் தண்ணீரில் விழுந்த வெளிச்சம் மாதிரி நடுங்கிக்கொண்டு வரும். அதன் மேல் ஒரு குரல் அடிவயிற்றிலிருந்து எழும். பாடுவது யார் என்று அவளிடமே கேளுங்கள்.

நான் முதன்முதலில் கேட்டது ஒரு இரவுப் பேருந்தில். நடுவயது ஆண் ஒருவர் பாடுகிறார் என்றே எனக்குப் பட்டது. பாடியவர் மேவிஸ் ஸ்டேபிள்ஸ். 1939-ல் பிறந்தவர், அப்போது பதினேழு வயது. அந்தக் காலத்தில் கேட்டவர்களுக்கும் இதே சந்தேகம்தான். "ஆணாகத்தான் இருக்கும், இல்லையென்றால் ஆஜானுபாகுவான பெண்" என்று பந்தயம் கட்டினார்களாம். நேரில் பார்த்தால் ஒரு சின்னப்பெண்!

அவருடைய அப்பா ரோபக் ஸ்டேபிள்ஸ். எல்லாரும் பாப்ஸ் என்பார்கள். மிசிசிப்பியின் பருத்திக் காட்டில் வளர்ந்து, சிகாகோவுக்கு வந்து, இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அடகுக்கடையில் வாங்கிய ஒரு பழைய கிட்டார் வீட்டில் இருந்தது. பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்காரவைத்து ஒரு தந்தியைத் தட்டுவார், "இது உனக்கு" என்பார். அடுத்த தந்தி, "இது உனக்கு." இப்படித்தான் கிளியோத்தா, பெர்விஸ், இவோன், மேவிஸ் என்று ஒவ்வொருவருக்கும் அவரவர் குரல் கிடைத்தது. பிள்ளையின் தொண்டைக்குள் எது இருக்கிறதோ அதற்குத்தான் அவர் இடம் கண்டுபிடித்தார். நான் உங்களிடம் கேட்பதும் அதைத்தான். அவள் குரலுக்கு ஏற்ற கட்டையைப் பிடித்துவிட்டு, மற்ற மூன்று பேரும் அவளுக்கு இசைந்து போங்கள்.

முன்னால் நின்று பாடும் பொறுப்பு முதலில் அண்ணன் பெர்விஸிடம் இருந்தது. அவருக்குக் குரல் உடைந்ததும் அப்பா மேவிஸை முன்னால் வரச்சொன்னார். மேவிஸுக்கு விருப்பமே இல்லை, கீழ்க்குரலில் ஒட்டிப் பாடுவதுதான் பிடிக்கும். உங்கள் மகளிடம் இதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. சிறுமியாக ஒருநாள் தேவாலயத்தில் பாடி முடித்த கையோடு கயிறு தாண்டி விளையாட வெளியே ஓடியிருக்கிறார். பெரும் பாடகி மஹேலியா ஜாக்சன் பிடித்து நிறுத்தி, "உடம்பெல்லாம் வேர்த்திருக்கிறது, இப்படிக் காற்றில் நிற்கலாமா? வீட்டுக்குப் போய் அம்மாவிடம் உலர்ந்த துணி வாங்கிப் போட்டுக்கொள். ரொம்ப நாள் பாட வேண்டாமா?" என்ற பொருளில் கண்டித்தாராம். கொடையில் பாடி இறங்கியதும் உங்கள் மகளின் தோளில் ஒரு துண்டைப் போடுங்கள். குரலுக்கு நீங்கள் செய்ய வேண்டியது அந்த மாதிரி காரியங்கள்தான்.

கேள்வி: பக்திப் பாட்டுப் பாடுகிறவர்கள் நாட்டு நடப்பைப் பாடலாமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: தாராளமாக. மேலே சொன்ன குடும்பத்தையே பாருங்கள். மான்ட்கோமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வந்த பாப்ஸ், இவர் இதைப் பிரசங்கம் பண்ணலாம் என்றால் நாமும் பாடலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னார். லிட்டில் ராக் நகரில் 1957-ல் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விடாமல் தடுத்தார்கள். அதைப் பார்த்து, எங்களை ஏன் இப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்கும் பாட்டு ஒன்றை அவர் எழுதினார். கிங்குக்கு மிகவும் பிடித்த பாட்டு அது.

அப்புறம் 1972-ல் அவர்கள் பாடிய 'ஐல் டேக் யூ தேர்' அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடத்துக்கே போனது. அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனத்தை நடத்திய அல் பெல், தம்பியைக் கொலைக்குப் பறிகொடுத்து, அடக்கம் முடிந்த துக்கத்தில் எழுதியது. யாரும் அழாத, கவலைப்படாத ஓர் இடத்துக்கு உன்னை அழைத்துப் போகிறேன் என்பதுதான் மொத்தப் பாட்டும். எனக்கு அது பிரார்த்தனையாகவும் கேட்கிறது, ஊர்வலமாகவும் கேட்கிறது. நடுவில் கிட்டார் தனியாக வரும் இடத்தில் மேவிஸ் "டாடி, டாடி" என்று கூப்பிடுவார். பதிவில் அந்த இடத்தை வாசித்தவர் எடி ஹின்டன் என்ற வேறு கலைஞர். ஆனாலும் கிட்டார் சத்தம் கேட்டால் மகள் வாயில் வருவது அப்பாவின் பெயர்தான்.

கேள்வி: எங்கள் குழுவை நடத்திய அப்பா தவறிவிட்டார். அவர் இல்லாத மேடையில் நிற்க முடியவில்லை. விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உடனே மேடை ஏற வேண்டியதில்லை. ஆனால் விட்டுவிடாதீர்கள்.

மேலே சொன்ன பாப்ஸ் 2000 டிசம்பரில் காலமானார். ஐம்பது வருஷத்துக்கு மேல் அவருடைய கிட்டாரிலிருந்து ஸ்ருதி எடுத்த மகள் மேவிஸுக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. வீட்டிலேயே கிடந்தார். அக்கா இவோன்தான் அதட்டினார்: நீ பாட வேண்டும் என்றுதான் அப்பா நினைப்பார், எழுந்திரு. எழுந்து, சொந்தப் பணத்தைப் போட்டு ஓர் ஆல்பம் பதிவு செய்தார். அது 2004-ல் வெளிவந்தது. 71 வயதில், 2011-ல், முதல் கிராமி விருது. உங்களுக்கும் அதட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும். கடிதத்தில் தங்கை இருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அவரோடு வீட்டுக்குள்ளேயே ஒரே ஒரு பாட்டுப் பாடிப் பாருங்கள்.

அப்பா வாசித்த பழைய பதிவுகள் இருந்தால் இந்த வாரமே பிரதி எடுத்து வையுங்கள். பாப்ஸ் கடைசிக் காலத்தில் சில பாட்டுகளைப் பதிவு செய்து முடிக்காமல் வைத்திருந்தார். படுக்கையில் அவற்றைக் கேட்டுவிட்டு, "மேவிஸ், இதைத் தொலைத்துவிடாதே" என்றார். மேவிஸ் தொலைக்கவில்லை. ஜெஃப் ட்வீடி என்ற இசைக்கலைஞரோடு உட்கார்ந்து வேலையை முடித்து 2015-ல் வெளியிட்டார். அப்பா சொன்ன அந்த வார்த்தையையே ஆல்பத்துக்குப் பெயராக வைத்தார்.