குளிர்நீரில் கயாக்: என்ன உடுத்துவது? (கேள்வி பதில்)

ஒரே விஷயத்தை நாலு பேர் நாலு விதமாகக் கேட்டிருந்தீர்கள். அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். படகு எது, துடுப்பு எது என்று கேட்டவர்களுக்கு இன்னொரு நாள் பார்ப்போம். இன்று துணிமணி மட்டும்.

கேள்வி: வணக்கம் அண்ணா. வெளியே நல்ல வெயில், 24 டிகிரி. ஏரித் தண்ணீர் 9 டிகிரி. டி-ஷர்ட்டும் லைஃப் ஜாக்கெட்டும் போதாதா? வெட்சூட் (உடம்போடு ஒட்டும் ரப்பர் நுரை உடை) போட்டால் கரையிலேயே வேர்த்துக் கொட்டுகிறது.

போதாது தம்பி. வெயிலைப் பார்த்து உடுத்துவதெல்லாம் கரையில் உட்கார்ந்திருப்பவருக்கு. படகேறுகிறவர் தண்ணீரைப் பார்த்துத்தான் உடுத்தவேண்டும்.

உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் கடத்தும். ஆனால் 9 டிகிரித் தண்ணீரில் உடம்பு விறைப்பதற்கு முன்பே மூச்சு காலை வாரிவிடும். விழுந்த நொடியில் உங்களைக் கேட்காமலே உடம்பு ஒரு பெரிய மூச்சை இழுக்கும். அப்போது தலை நீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர். அடுத்த ஒன்றிரண்டு நிமிடம் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் எகிறும். கரையில் ஒரு நிமிடம் தம் பிடிப்பவருக்கு அங்கே பத்து நொடி பிடிப்பதே கஷ்டம். நீச்சல் குளத்தில் அழகாக ரோல் (கவிழ்ந்த படகை உட்கார்ந்தபடியே நிமிர்த்துவது) அடித்து நிமிர்கிறவர்கள் குளிர்நீரில் பாதியிலேயே கைவிட்டு வெளியே வருவதற்கு இதுதான் காரணம்.

பனிக்கட்டி மிதக்கிற தண்ணீர்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். 10 முதல் 15 டிகிரிக்குள்ளேயே இந்த மூச்சு அதிர்ச்சி உச்சத்தைத் தொட்டுவிடும். உங்கள் ஏரி அதற்கும் கீழே இருக்கிறது.

வேர்வைக்கு வழி இருக்கிறது. மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக உடுத்துங்கள், உடுத்தியதும் இறங்கிவிடுங்கள். தொப்பியை முக்கிப் போட்டுக்கொள்ளலாம், ரோல் தெரிந்தால் ஒன்று அடிக்கலாம். தண்ணீருக்கு மேலே இருக்கும்போது புழுக்கத்தைத் தணிக்கத் தண்ணீர் சுற்றிலும் கிடக்கிறது. குளிரைத் தணிக்கத்தான் ஒன்றும் கிடைக்காது.

கேள்வி: ஒன்று-பத்து-ஒன்று என்கிறார்களே, அது என்ன கணக்கு? உடைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய கணக்கு அது. மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தால் மூச்சைச் சீராக்க 1 நிமிடம், கைகால் உருப்படியாக வேலை செய்ய 10 நிமிடம், உடம்பு குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம். ஆளுக்கு ஆள், தண்ணீருக்குத் தண்ணீர் மாறும். மனதில் நிற்பதற்காகச் சொன்ன தோராயம்தான்.

எல்லோரும் அந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறார்கள். நான் பார்ப்பது நடுவில் உள்ள பத்தை. அது முடிந்தபின் விரலால் கொக்கியை மாட்ட முடியாது, விசிலை எடுத்து வாயில் வைக்க முடியாது, படகின் மேல் ஏற முடியாது. லைஃப் ஜாக்கெட் இல்லாதவருக்குக் கதை அங்கேயே முடிந்துவிடும். அதற்குள் உடம்பு விறைத்திருக்கவே தேவையில்லை.

நல்ல உடை முதல் நிமிடத்தின் அதிர்ச்சியைக் குறைக்கும், அடுத்த பத்தை நீட்டித்துக் கொடுக்கும். அதனால் உடை தேர்ந்தெடுக்கும்போது ஒரே கேள்விதான்: படகு என் கையைவிட்டுப் போய்விட்டால் எவ்வளவு நேரம் தண்ணீரில் கிடக்கவேண்டி வரும்? கரை இருபது அடியில் இருந்தால் ஒரு பதில். காற்று கரையிலிருந்து நடு ஏரிக்குத் தள்ளிக்கொண்டிருந்தால், துணைக்கு ஆளும் இல்லையென்றால், வேறு பதில்.

கேள்வி: சார், வெட்சூட்டா டிரைசூட்டா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒரே வரி: தண்ணீர் சுமார் 15 டிகிரிக்கு மேல், கரையோரம் என்றால் வெட்சூட். 10-க்குக் கீழ், அல்லது கரையை விட்டுத் தூரம் போவதென்றால் டிரைசூட் (தண்ணீரே புகாத முழு உடை). நடுவில் இருப்பது உங்கள் உடல்வாகு, துணை, அனுபவத்தைப் பொறுத்தது. இது என் அளவுகோல்.

ஆனால் அந்த ஒரு வரியோடு கடைக்குப் போனால் தப்பானதை வாங்கி வருவீர்கள்.

வெட்சூட் செய்கிற நியோபிரீனுக்குள் நுண்ணிய வாயுக் குமிழிகள் நிறைந்திருக்கும். கதகதப்பு வருவது அவற்றால். உள்ளே புகுந்த தண்ணீர் சூடாகி நம்மைக் காக்கிறது என்பது பாதி உண்மைகூட இல்லை. அந்தத் தண்ணீர் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: இருந்த இடத்தில் இருப்பது. காப்பது குமிழிதான், ஆள் நனைந்தாலும் பாதகமில்லை என்று 1950-களின் தொடக்கத்திலேயே கலிபோர்னியா பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் கண்டுகொண்டார். வெட்சூட் பிறந்ததே அப்படித்தான்.

ஆகவே தொளதொள வெட்சூட் வீண். ஒவ்வொரு அசைவிலும் புதுக் குளிர்நீர் உள்ளே வந்து பழையதைத் தள்ளிவிடும். போட்டுப் பார்க்கும்போது முதுகின் கீழ்ப்பக்கக் குழிவிலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் கையால் கிள்ளிப் பாருங்கள். துணி தோலைவிட்டு எழும்பி நின்றால் வேறு அளவு எடுங்கள். கயாக்குக்கு 3 மில்லிமீட்டர் தடிமனில், கையில்லாத, கால்வரை நீண்ட மாடல் வசதி. அலைச்சறுக்கு ஆட்கள் போடும் 5 மில்லிமீட்டர் முழுக்கைச் சூட்டில் துடுப்பு போட்டால் அரை நாளில் தோள் கெஞ்சும். கைக்கும் மேலுடம்புக்கும் தண்ணீர் புகாத ஜாக்கெட்டை மேலே போட்டுக்கொள்ளலாம்.

டிரைசூட் நேர் எதிர். உங்களை உலர்வாக வைப்பது மட்டும்தான் அதன் வேலை, கதகதப்பு அதன் துணியில் கிடையாது. அதை நீங்கள்தான் உள்ளே போடவேண்டும்: தோலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியெஸ்டர், அதன்மேல் ஃபிளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கைத் துணி). இலைபோல மெல்லிய டிரைசூட்டுக்குள் வெறும் டி-ஷர்ட்டோடு 6 டிகிரி நீரில் விழுந்தால் நனையாமல் நடுங்குவீர்கள், அவ்வளவுதான். உள்ளாடைகளைத் திணித்து இறுக்கியும் போடக்கூடாது. ஃபிளீஸுக்குள் நிற்கிற காற்றுதான் போர்வை, அதை நசுக்கினால் என்ன மிஞ்சும்?

கேள்வி: டிரைசூட்டுக்குள் பருத்தி பனியன் போடலாமா?

வேண்டாம். வேர்வையைக் குடித்துக்கொண்டு உடம்பைவிட்டுப் போகாமல் கிடக்கும்.

கேள்வி: அண்ணே, புது டிரைசூட் வந்திருக்கிறது. கழுத்து லேடெக்ஸ் கழுத்தை நெரிக்கிறது. வெட்டிவிடலாமா?

கத்தரியை எடுக்காதீர்கள், முதலில் இழுத்து வையுங்கள். உங்கள் கழுத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டப் பாத்திரத்தின்மேல் கேஸ்கெட்டை (தண்ணீர் புகாமல் கழுத்தைப் பிடிக்கும் அந்த லேடெக்ஸ் பட்டையை) மாட்டி ஓரிரவு விடுங்கள். பாதிப் பேருக்கு இதுவே போதும். புதுக் கழுத்து கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும். ஆனால் முகம் சிவந்தாலோ தலை கிறுகிறுத்தாலோ அது இறுக்கம் அதிகம் என்று பொருள்.

வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால், கேஸ்கெட்டில் வட்டவட்டமாகப் புடைத்த கோடுகள் இருக்கும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு கோடு. கூர்மையான பெரிய கத்தரி, நீள நீளமான வெட்டு. விளிம்பில் சின்னப் பிசிறோ படியோ விழுந்தால், அடுத்த முறை தலையை நுழைக்கும்போது அங்கிருந்துதான் கிழியும். ஒரு கோடு வெட்டி, போட்டுப் பார்த்து, கால் மணி நேரம் நடமாடிவிட்டு அடுத்ததை யோசியுங்கள்.

மணிக்கட்டில் வேறு தொல்லை. துடுப்பை இறுக்கிப் பிடிக்கும்போது உட்பக்கத் தசைநாண்கள் புடைத்து நடுவில் ஒரு வாய்க்கால் விழும், தண்ணீர் அதன் வழியே ஏறும். கேஸ்கெட்டை ஒரு விரற்கடை மேலே தள்ளி, முழங்கை பக்கம் ஏற்றிப் போட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். உடுத்துமுன் மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள், நகத்தை வெட்டிவிடுங்கள்.

கேள்வி: டிரைசூட் கிழிந்து தண்ணீர் நிறைந்தால் கல்லைக் கட்டியதுபோல் கீழே இழுத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள்.

இழுக்காது. சூட்டுக்குள் இருப்பதும் தண்ணீர், வெளியே இருப்பதும் தண்ணீர், நீருக்குள் அதற்குத் தனி எடை ஏது? லைஃப் ஜாக்கெட் உங்களை வழக்கம்போல் மிதக்கவைக்கும். கஷ்டம் இரண்டு. கதகதப்பு போய்விடும். படகில் ஏறும்போது கால்குழாயில் நிறைந்த தண்ணீர் அத்தனையும் உங்களோடு மேலே வரவேண்டும், அப்போது எடை தெரியும்.

இதைவிடக் காற்றுதான் அடிக்கடி வரும் தொல்லை. உள்ளே காற்று நிறைய இருந்தால் நீரில் பலூன் மாதிரி தத்தளிப்பீர்கள். இறங்குமுன் குந்தி உட்கார்ந்து, உடம்பைக் கட்டிக்கொண்டு, கழுத்து கேஸ்கெட்டை ஒரு விரலால் லேசாக விலக்குங்கள். புஸ்ஸென்று வெளியேறும்.

கேள்வி: கூச்சத்தோடு கேட்கிறேன். நாலைந்து மணி நேரம் தண்ணீரில் இருந்தால் பெண்கள் டிரைசூட்டில் சிறுநீர் கழிப்பது எப்படி?

கூச்சமே வேண்டாம் சகோதரி, கேட்காதவர்கள்தான் தண்ணீர் குடிக்காமல் அவதிப்படுகிறார்கள். பின்பக்கம் அரைவட்டமாகத் திறக்கிற ஜிப் உள்ள மாடல்கள் இருக்கின்றன, தோள்வழியே முழுதாகக் கழற்றத் தேவையில்லை. உள்ளாடையும் அதற்கு ஏற்ப இரண்டு துண்டாக, அல்லது பின்பக்கம் திறப்பதாக இருக்கவேண்டும். இதை மறந்து ஒற்றைத் துண்டு ஃபிளீஸ் வாங்கினால் ஜிப் இருந்தும் பயனில்லை. ஆண்களுக்கு முன்பக்க ஜிப். திரும்பப் படகேறுமுன் அந்த ஜிப்பை முழுதாக மூடினோமா என்று துணையிடம் காட்டிச் சரிபாருங்கள். டிரைசூட் 'ஒழுகுகிறது' என்கிற புகார்களில் ஒரு பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: கைக்கு, தலைக்கு, காலுக்கு?

கைக்கு இரண்டு வழி. நியோபிரீன் கையுறை விழுந்தாலும் கையோடு வரும், ஆனால் தடிமன் கூடக்கூடத் துடுப்புப் பிடி மரத்துப்போகும், முன்கை சோர்ந்துவிடும். போகி என்பது துடுப்பிலேயே மாட்டிவைக்கிற உறை. வெறுங்கையால் துடுப்பைப் பிடித்திருப்பீர்கள், பிடியும் சுகம், கதகதப்பும் சுகம். கவிழ்ந்து துடுப்பை விட்டால் கை அம்மணம். நான் போகிக்காரன்தான், என்றாலும் தனியாகப் போகும்போது கையுறை. எதுவானாலும் அதோடு ஸ்பிரே ஸ்கர்ட்டின் (இடுப்பைச் சுற்றிப் படகின் திறப்பை மூடும் விரிப்பு) இழுவளையத்தைப் பிடித்து இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அது வேண்டாம்.

பாதிச் சூடு தலைவழியே போகிறது என்பது பழங்கதை. தலை உடம்புப் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, சூடு போவதும் கிட்டத்தட்ட அதே விகிதம்தான். ஆனாலும் மெல்லிய நியோபிரீன் தொப்பி வேண்டும் என்பேன், காரணம் காது. குளிர்நீர் காதுக்குள் பாய்ந்தால் தலைசுற்றும், எது மேல் எது கீழ் என்றே தெரியாது. ரோல் அடிக்க இதைவிட மோசமான நேரம் இல்லை. ஹெல்மெட் போடுகிறவர்கள் தொப்பியோடு சேர்த்து அளவு பாருங்கள்.

காலுக்கு நியோபிரீன் பூட்ஸ். டிரைசூட் சாக்ஸோடும் உள்ளே கம்பளி சாக்ஸோடும் போடுவதானால் ஒரு அளவு பெரிதாக எடுங்கள். கால் இறுகினால் ரத்தம் ஓடாது, எத்தனை சாக்ஸ் போட்டாலும் சில்லிடும்.

கேள்வி: டிரைசூட் இப்போதைக்கு வாங்க முடியாது. தண்ணீர் புகாத மேல்சட்டையும் கால்சட்டையும் தனித்தனியாக வாங்கிச் சேர்த்துப் போட்டால் அதேதானே?

மழைக்கும் அலைத்தெறிப்புக்கும் அதே. நீந்த நேர்ந்தால் இல்லை. இடுப்பில் இரண்டையும் சேர்த்துச் சுருட்டி எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்ச நேரத்தில் ஒழுகும். அதற்குள்ளே வெட்சூட் போட்டிருந்தால் பரவாயில்லை. இல்லையென்றால் தண்ணீர் சூடாகும் மாதம்வரை பொறுங்கள். பழைய டிரைசூட் கிடைத்தால் அதையும் பார்க்கலாம். லேடெக்ஸ் பிசுபிசுத்தாலோ இழுக்கும்போது வெடிப்பு தெரிந்தாலோ மாற்றவேண்டிவரும், அது பெரிய விஷயமில்லை. ஜிப்பின் பல் பெயர்ந்திருந்தால் வேண்டாம். கழுத்திலும் கையிலும் பாட்டில் செருகி அடைத்து, உள்ளே காற்றை ஊதி, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி விடுகிற இடமெல்லாம் ஓட்டை. ஓரிரண்டு என்றால் ஒட்டலாம். கால்முழுக்கப் பொடிப்பொடியாக நுரை வந்தால் தண்ணீரைத் தடுக்கிற உள்படலமே போய்விட்டது.

கேள்வி: நான் எடுத்த உடை சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இறங்கிப் பார்த்துத்தான். காற்றில்லாத நாளில், இடுப்பளவு ஆழத்தில், கரையில் துணைக்கு ஆளை நிறுத்திக்கொண்டு, லைஃப் ஜாக்கெட் உள்பட முழு உடையில் மெதுவாக இறங்குங்கள். கழுத்துவரை நனைந்து மூச்சு அடங்கியபின் முகத்தை முக்குங்கள், அப்புறம் மல்லாந்து மிதங்கள். பத்து நிமிடம் கழித்து விசிலை எடுத்து ஊதுங்கள், கொக்கியைக் கழற்றி மாட்டுங்கள். விரல் தடுமாறினால் கையுறை போதவில்லை. பல் தந்தியடித்தால் உள்ளாடை போதவில்லை. மாற்றுத்துணி கரையில் தயாராக இருக்கட்டும். அதே வெப்பநிலை உள்ள நீரில் செய்யாத சோதனை சோதனையே இல்லை.

கேள்வி: கழுத்தில் சன்ஸ்கிரீன் தடவலாமா? லேடெக்ஸுக்கு ஆகாதாமே?

எண்ணெய்ப்பசை உள்ள எதுவும் ஆகாது, கொசு மருந்தும் அப்படித்தான். முதலில் டிரைசூட்டைப் போட்டுக்கொண்டு, பிறகு கேஸ்கெட்டுக்கு மேலே மட்டும் தடவி, கையைக் கழுவிவிட்டு ஜிப்பைத் தொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிடுங்கள்.